ஐந்துக்குக் கீழே

பைன் பெண்ட் டிரெய்லர் குடியிருப்பு, எண் 14
எல்லரி கவுண்டி, விஸ்கான்சின்
அக்டோபர் 9, 2018

டாக்டர் மாரிட் ஆஸ்லண்ட் அவர்களுக்கு,

உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் நான் சொல்லி வைத்ததற்கு மூன்று தடவை திருப்பிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் நயமாகப் பேசுவீர்கள், நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். எழுதுங்கள். எழுத்தில் இருந்தால் மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

நீங்கள், உங்கள் என்று எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டு கோடைக்காலம் என் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து என் டப்பாவிலிருந்து வறுத்த பாலாடைக்கட்டியைக் கேட்காமல் எடுத்துத் தின்ற ஆளுக்கு எவ்வளவு நேரம்தான் மரியாதை கொடுப்பது. நீ என்றே எழுதுகிறேன்.

நீ முதலில் உன் ஆய்வுக்காகத் தனியாக வந்தபோது இங்கே முப்பத்தெட்டு டிரெய்லர் வீட்டில் முப்பது வீடு கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அப்புறம்தான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற என்னைப் பிடித்தாய். லூவான் கூட வந்தால் திறப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திறந்தார்கள். இருநூறு கேள்விக்குப் பதில் சொன்னார்கள், பிள்ளைகளின் விரலை நீட்டி ஊசி குத்தக் கொடுத்தார்கள். எல்லாம் என் முகத்துக்காக.

இந்த ஆகஸ்டில் கவுண்டி நிர்வாக வாரியக் கூட்டம். நகரத்துக் குடிநீர்க் குழாயைப் பைன் பெண்ட் வரைக்கும் நீட்டுவதா வேண்டாமா என்று பேச்சு. குடியிருப்பு நிலத்துக்குச் சொந்தக்காரன் கென் ப்ரூடர் எழுந்து உன் அறிக்கையை வாசித்தான். "பைன் பெண்ட், ஏரிக்கரைப் பகுதி. இருநூத்தி நாப்பது பிள்ளைங்கள்ல ஆறு பேருக்குத்தான் ரத்தத்துல ஈயம் கூட. நூத்துக்கு ரெண்டரை. மாநிலச் சராசரியவிடக் கம்மி. நம்ம கெணத்துத் தண்ணிக்கு என்ன கொறச்சல்?" அத்தோடு குழாயை ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். உன் பெயர் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எண் 22இல் இருக்கும் டெசாவை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு குடிவந்தவள். இருபத்து மூன்று வயது, பெட்ரோல் பங்கில் வேலை, பத்து மாதக் கைக்குழந்தை வெஸ்லி. கிணற்றுத் தண்ணீர் வாசனை பிடிக்காமல் வாரம் இரண்டு தடவை நகரத்துக்குப் போய்த் தண்ணீர் கேன் தூக்கி வருவாள். கூட்டம் முடிந்து வந்து அவளிடம் நான்தான் சொன்னேன்: "எதுக்குடி முதுகை ஒடிச்சுக்கிறே? படிச்சவங்களே ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க." மறுநாளிலிருந்து வீட்டுக் குழாயில் வரும் கிணற்றுத் தண்ணீரில்தான் பால்மாவு கரைத்தாள்.

போன வாரம் கிளினிக்கில் வெஸ்லிக்கு இரத்தம் பார்த்தார்கள். ஈயம் பதினாலு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம்.

ஒரே ஒரு கேள்வி. அந்த ஆறு பேரில் எங்கள் பிள்ளைகள் எத்தனை?

லூவான் ப்ரிபில்


மேடிசன்
அக்டோபர் 16, 2018

அன்புள்ள லூவான்,

வெஸ்லியைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். இந்த வரி எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. நாலு தடவை எழுதிப் பார்த்தேன், இதைவிட நன்றாக வரவில்லை.

அறிக்கையில் உள்ள எண்கள் சரியானவை. இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம். ஆனால் நீங்கள் கேட்டதற்கு, அதாவது ஆறில் எந்த ஊர்ப் பகுதிக்கு எத்தனை என்பதற்கு, என்னால் பதில் சொல்ல முடியாது. அந்தத் தகவல் குடும்பங்களுடையது. அதை வெளியே சொல்லாமல் இருக்க நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்களும் பக்கத்தில் இருந்தீர்கள். "பூஜ்யம்" என்றோ "ஆறும்" என்றோகூடச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

இதனுடன் ஈயத்தை வடிகட்டும் குழாய் வடிகட்டிகள் ஒரு பெட்டி அனுப்புகிறேன், இருபது இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். உங்கள் வீட்டிலும் தவறாமல் மாட்டுங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

வெஸ்லியின் அடுத்த பரிசோதனை எண் தெரிந்தால் எழுதுவீர்களா?

மாரிட்


பைன் பெண்ட்
அக்டோபர் 21, 2018

மாரிட்,

பெட்டி வந்தது. கோபத்தில் திருப்பி அனுப்பலாம் என்று தூக்கினேன். அப்புறம் என் வீம்புக்காக யார் வீட்டுப் பிள்ளையோ அந்தத் தண்ணீரைக் குடிப்பதா என்று இறக்கி வைத்தேன். எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. உன் பெயரைச் சொன்னேன், எதற்குச் சொல்லக் கூடாது? டெசா மட்டும் வாங்கவில்லை. அவள் கேனுக்கே திரும்பிவிட்டாள். இனிமேல் படித்தவர்கள் கொடுப்பது எதுவும் வேண்டாமாம்.

நீ பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறாய். சொல்லிவிட்டாய். ஒன்றுமில்லை என்றால் ஒரு பக்கம் சுற்றி வளைக்க மாட்டாய், இருபது வடிகட்டியும் அனுப்ப மாட்டாய்.

டெசாவின் குழாய்த் தண்ணீரைக் கிளினிக்காரர்கள் சோதித்தார்கள். ஈயம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நான் ப்ரூடரிடம் போனேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அது அவ வீட்டுக் குழாயில இருக்கிற கோளாறு. அவதான் மாத்திக்கணும். மத்த வீட்டுல எல்லாம் பிள்ளைங்க நல்லாத்தானே இருக்கு? யூனிவர்சிடியே சொல்லிருக்கே." உன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், மாரிட். ஓட்டுநர் உரிமம் மாதிரி எடுத்து எடுத்துக் காட்டுகிறான்.

டிசம்பர் பதினொன்றாம் தேதி அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டுக்குக் கடைசி ஓட்டு. அதில் குழாய் ஏறாவிட்டால் இன்னும் ஐந்து வருஷத்துக்குப் பேச்சே கிடையாது.

எனக்கு உன் படிப்பு கிடையாது. ஆனால் பெரிய பாத்திரத்தில் சமைக்கிறவள். ஒரு சின்னச் சட்டிச் சூப்பில் உப்பு கரித்தால் அதை நாற்பது லிட்டர் அண்டாவில் ஊற்றிவிடலாம், அப்புறம் யாருக்கும் கரிக்காது. நீ செய்தது அதுதானே? எங்களைக் கொண்டுபோய் எதற்கு ஏரிக்கரைப் பணக்காரர்களோடு சேர்த்தாய்? அவர்கள் ஒரு நாள்கூட எங்களோடு சேர்ந்து உட்கார்ந்ததில்லையே.

லூவான்


மேடிசன்
நவம்பர் 2, 2018

அன்புள்ள லூவான்,

ஆம். நான் செய்தது அதுதான்.

இனி சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு சின்ன இடத்தில் நோயுள்ளவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த எண்ணை அச்சிடக் கூடாது. முப்பத்தெட்டு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் கண்டுபிடித்து வேலை போனவர்கள், வீடு போனவர்கள், பிள்ளையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. விதி நல்ல விதி. நானே மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒஃபீலியாவின் சமையலறை நினைவிருக்கிறதா? அவள் கணவர் பால்பண்ணையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர்களிடம் இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் இல்லை. அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் என்னையே பார்த்தாள். "இதை யாரு படிப்பாங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "உங்க வீட்டையும் உங்க பிள்ளையையும் யாராலும் அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. நான் பாத்துக்கறேன்." அதே வார்த்தையைப் பைன் பெண்டின் பத்தொன்பது பிள்ளைகளின் வீட்டாரிடமும் சொன்னேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன். காப்பாற்றியதைத்தான் ப்ரூடர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

ஆனால் விதி மேல் பழியைப் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. விதி, எண்ணைக் காட்டாதே என்றுதான் சொன்னது. அட்டவணையில் பைன் பெண்டுக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, "சொல்ல இயலாது" என்று அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்போது வாரியத்தில் யாராவது, ஏன் காலி என்று கேட்டிருப்பார்கள். நான் காலியாக விடவில்லை. அட்டவணையில் ஓட்டை இருந்தால் ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் கேள்வி கேட்பார்கள். ஜூன் முதல் வாரம், அறிக்கை இரண்டு மாதம் தாமதம், எனக்குக் களைப்பு. பக்கத்துப் பகுதியோடு சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வடக்கே உங்களைப் போலவே பழைய கிணறுகள் உள்ள பண்ணை வீடுகள் இருந்தன. தெற்கே ஏரிக்கரை. ஏரிக்கரையில் பிள்ளைகள் அதிகம். பெரியதோடு சேர்த்தால் நன்றாக மறையும் என்று அதைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். என்ன சாப்பிட்டேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

அந்த இருபது நிமிஷத்தில் உங்களில் ஒருவர் முகமும் எனக்கு நினைவு வரவில்லை. என்னை மிகவும் வதைப்பது அதுதான்.

வெஸ்லியைச் சேர்த்து எண்ணினால் என்ன என்று எங்கள் ஆய்வு நெறிமுறைக் கமிட்டியிடம் கேட்டேன். இரத்தம் எடுத்து முடிந்த பிறகு பிறந்தவன், ஆய்வில் அவன் இல்லை என்றார்கள். குடும்பங்களுக்கு எழுதி அனுமதி கேட்கலாமா என்றேன். அதற்கு மார்ச் மாதம் வரை ஆகுமாம்.

யார் யாருக்கு அளவு கூடுதலோ அவர்களுக்கு மட்டும், அவரவர் பிள்ளையின் எண் போட்டுப் போன வருஷம் அக்டோபரில் ஒரு கடிதம் அனுப்பினோம். அதை வைத்திருப்பவர்கள் அதை யாரிடமும் காட்டலாம். அது அவர்களுடையது. என்னைக் கட்டுகிற எந்த விதியும் அவர்களைக் கட்டாது.

இதை ஒரு தகவலாக மட்டுமே எழுதுகிறேன்.

மாரிட்


பைன் பெண்ட்
நவம்பர் 12, 2018

மாரிட்,

தகவலாக மட்டும் எழுதினாயாம். நன்றாக இருக்கிறது. உனக்குத் தெரியும். என் முதல் கடிதத்தைப் பிரித்தபோதே தெரியும். உன்னைக் கேள்வி கேட்டு நான் வீராவேசமாக எழுதியதையெல்லாம், இவளும் அதில் ஒருத்திதானே என்று தெரிந்துகொண்டே படித்திருக்கிறாய். "உங்கள் வீட்டிலும் தவறாமல் மாட்டுங்கள்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியை நான் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்லிவிடுகிறேன். என் மகன் எமெட்டுக்கு ஈயம் ஏழு. போன அக்டோபரில் கடிதம் வந்தது. கூடவே ஒரு துண்டுத்தாள்: கைகளை அடிக்கடி கழுவுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் அழுக்கு என்று தோன்றியது. ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, பயப்படாதீங்க கையெழுத்துப் போடுங்க என்று சொன்னவள் வீட்டுப் பிள்ளை இரத்தத்தில் ஈயம். வெளியே தெரிந்தால் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில், ஃபிரீசரில் ஒளித்து வைத்தேன். வாரம் மூன்று தடவை தரை துடைத்தேன். அதே குழாயிலிருந்து வாளி வாளியாகப் பிடித்துத் துடைத்தேன், மாரிட். துடைத்துவிட்டு அதே தண்ணீரில் அவனுக்கு ஆரஞ்சுப்பொடி கலக்கிக் கொடுத்தேன், நன்றாகக் குடி என்று.

ஒருத்தருக்கு வந்தால் அது வீட்டுக் குறை, நாலு பேருக்கு வந்தால்தான் தண்ணீர்க் குறை. நாலு பேருக்கு வந்தது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

போன திங்கட்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்து, குடியிருப்பின் பொதுச் சலவை அறை போர்டில், பூனைக்குட்டி விற்பனைக்கு என்ற சீட்டுக்குப் பக்கத்தில் குத்தினேன். அடியில் "எண் 14, லூவான், என் மகன்" என்று பெரிதாக எழுதினேன். எண் 9இல் இருக்கும் ரோண்டா வாசித்தாள். டிரையரில் துணி சுற்றிக்கொண்டிருக்க அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பிடித்துத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் தன் வீட்டுக்கு வந்திருந்த அதே மாதிரிக் கடிதத்தோடு திரும்பி வந்தாள். குளியலறை அலமாரியில் துண்டுகளுக்கு நடுவில் வைத்திருந்தாளாம். இரண்டு பேரும் வாஷிங் மெஷின் மேல் உட்கார்ந்து அழுது தீர்த்தோம். புதன்கிழமை எண் 31 வீட்டுக்காரியும் தன் கடிதத்தோடு வந்தாள். ஒஃபீலியா ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு என் பின்வாசலில் வந்து நின்றாள். "என்னையும் எண்ணச் சொல்லுங்க. பேரு மட்டும் வேண்டாம்." அவள் மகளுக்குத்தான் இருப்பதிலேயே அதிகம். பதினொன்று.

ஆக நாலு. உன் உதவி இல்லாமல் நானே எண்ணிவிட்டேன். அப்புறம் உன் விதியை யோசித்தேன். இன்னொரு பிள்ளைக்கு வந்து ஐந்தாகியிருந்தால் அச்சில் போட்டிருப்பாய், இல்லையா? இன்னும் ஒரு பிள்ளை குறைந்ததால்தான் எங்களை மறைத்தாய். இப்போது அந்த ஒன்று கிடைத்துவிட்டது, அதன் பெயர் வெஸ்லி.

உன்னை இவ்வளவு கேட்கிறேனே, இதையும் கேள். டெசா போர்டைப் பார்த்தாள். தேதியையும் பார்த்தாள். நேரே என் வாசலுக்கு வந்தாள். "ஆகஸ்ட்ல என்கிட்ட தண்ணி நல்லாருக்குன்னு சொன்னப்ப இந்தக் காகிதம் உங்க வீட்டுல இருந்துச்சா?" நான் இருந்தது என்றேன். அது என் தரையைப் பற்றிய காகிதம் என்றுதான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து பேச்சில்லை.

டிசம்பர் பதினொன்றுக்கு நீ வா. கடிதம் கொடுத்தனுப்பாதே. ப்ரூடர் வாசித்த அதே இடத்தில் நின்று உன் வாயால் சொல்.

லூவான்


மேடிசன்
நவம்பர் 25, 2018

அன்புள்ள லூவான்,

வருகிறேன்.

துறைத்தலைவர் வேண்டாம் என்கிறார். கமிட்டி முடியும்வரை பொறு, இப்போது பேசினால் இனி எந்த ஊரும் நம்மை உள்ளே விடாது என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. ஆனாலும் வருகிறேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். இதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். போன தடவை நான் பாதியைத்தான் சொன்னேன், இந்தத் தடவை முழுதும் சொல்ல வேண்டும்.

நீங்கள் பெயர் சொல்லி எழுந்து நின்றால் என்னால் உங்களைக் காப்பாற்ற முடியாது. வீடு உங்களுடையது, ஆனால் அதற்கு அடியில் இருக்கும் நிலம் ப்ரூடருடையது. குத்தகையைப் புதுப்பிக்காமல் விட அவருக்கு ஒரு சாக்குப் போதும். டிரெய்லர் சக்கரம் வைத்த வீடுதான், ஆனால் பழையதென்றால் இழுத்துக்கொண்டு போகவும் முடியாது, அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். அந்த விதி இதற்காகத்தான் இருந்தது. ஒருவருக்குத் தயக்கம் இருந்தாலும் அவர் வர வேண்டாம். இனி வருவது உங்களுக்கு மட்டும், வாசிக்க வேண்டாம்: ஒஃபீலியா கூட்டத்துக்கே வரக் கூடாது. அவள் மகளைப் பெயரில்லாமல் நான் எண்ணிக்கொள்கிறேன்.

டெசாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிரிக்காமல் திரும்பி வந்தது.

மாரிட்


பைன் பெண்ட்
டிசம்பர் 3, 2018

மாரிட்,

சலவை அறையில் எல்லாரையும் கூட்டி உன் கடிதத்தை, ஒஃபீலியா பற்றிய வரிகளைத் தவிர, ஒரு வரி விடாமல் வாசித்தேன். இரண்டு தடவை. ரோண்டா கேட்டாள், "அப்போ வீடு போனாலும் போகும்?" போகலாம் என்றேன். டெசா கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள், அவளைக் கூப்பிட்டது யார் என்றே தெரியவில்லை. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் வரேன். என் புள்ளைய உங்க யாரு கணக்குலயும் சேக்கல. நானே தூக்கிட்டு வந்து காட்டறேன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

பனி கொட்டும் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் பார்த்து ஓட்டு. சீக்கிரம் கிளம்பு.

லூவான்


மேடிசன்
பிப்ரவரி 24, 2019

அன்புள்ள லூவான்,

இரண்டு மாதமாக எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருக்கிறேன்.

அன்றைக்குக் குழாய் வேண்டும் என்று ஐந்து ஓட்டும் வேண்டாம் என்று நாலு ஓட்டும் வந்ததும் நீங்களும் ரோண்டாவும் என்னைக் கட்டிப்பிடித்தீர்கள். நான் அதற்குத் தகுதியானவள் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் மைக்கில் பேசியது மூன்று நிமிஷம். நான் சொன்ன "பத்தொன்பதில் நான்கு" யாரையும் அசைக்கவில்லை, வாரியத் தலைவர் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். டெசா எழுந்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, எண் 22 என்று சொன்ன பிறகுதான் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

நேற்றுதான் ரோண்டா எழுதியிருந்தாள். ப்ரூடர் டெசாவுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்ததும், படிக்கட்டு உடைந்திருக்கிறது என்று காரணம் சொன்னதும், அவள் டிரெய்லரை விட்டுவிட்டு ஓ க்ளேர் நகரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரியாது. குழாய் அவள் இல்லாத தெருவுக்கு வரப் போகிறது.

இதற்கு முழுக்க நான்தான் காரணம். ஜூனில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் ஆகஸ்டிலேயே ஓட்டு மாறியிருக்கும். யாரும் பெயர் சொல்லி எழுந்து நிற்க வேண்டியிருந்திருக்காது. முதலில் வெஸ்லியின் இரத்தம், இப்போது அவன் வீடு. இரண்டும் என் கையால் நடந்தன.

ஆய்வை இப்போது வேறொருவர் நடத்துகிறார். திருத்திய அறிக்கை என் பெயரில் வந்துவிட்டது, முதல் பக்கத்திலேயே தவறு யாருடையது என்று எழுதியிருக்கிறேன். அதனால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை.

மே மாதம் வெஸ்லிக்கு மறுபடி பரிசோதனை இருக்கும் இல்லையா? நான் ஓ க்ளேருக்குப் போய் அவளை நேரில் பார்க்க நினைக்கிறேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. முகவரி தருவீர்களா?

மாரிட்


பைன் பெண்ட்
ஏப்ரல் 6, 2019

மாரிட், கண்ணு,

பதில் எழுதத் தாமதம். பனி உருகி மண் இளகியதும் குழாய் போடத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். என் வாசல் முன்னால் இடுப்பளவுக்குப் பள்ளம், பலகை போட்டு நடக்கிறோம். எமெட் நாள் முழுக்க அந்த மண் வெட்டும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. அவனுக்கு ஏழிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கிறது. ஒஃபீலியா மகளுக்கு ஆறு. அவள் வீட்டுக்கு இதுவரை எந்த அதிகாரியும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதில் நீ சொன்ன வாக்கு நிற்கிறது, அதையும் நினைத்துக்கொள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. டெசாவுக்கு வீடு போனதற்கு நீ காரணமா? இல்லை.

வெஸ்லி குடித்த தண்ணீருக்கு நீ காரணம், நானும் காரணம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நீயும் குறைக்காதே. உன் இருபது நிமிஷமும் என் ஃபிரீசரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்குச் செய்தது அது. ஆனால் டிசம்பரில் நடந்தது வேறு. உன் கடிதத்தை நான் இரண்டு தடவை வாசித்தேன். என்ன போகும், யாரிடமிருந்து போகும் என்று தெரிந்துகொண்டுதான் அவள் எழுந்தாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுந்தோம். இங்கே இருக்கிறவர்களுக்கு எல்லாமே யாரோ எங்கேயோ முடிவு செய்து வந்து சேரும். நாங்களே யோசித்து, விலை தெரிந்து செய்தது இந்த ஒன்றுதான். அதையும் நீ வந்து "எல்லாம் என் கையால்" என்று தூக்கிக்கொண்டு போனால் எங்களுக்கு என்னடி மிச்சம்? அதை வைத்துவிட்டுப் போ. அது எங்களுடையது.

மன்னிப்புப் பற்றிக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. சில நாள் உன் மேல் ஒன்றுமே இல்லை. சில நாள் டெசாவின் காலி டிரெய்லரைத் தாண்டிப் போகும்போது உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. அப்புறம் வீட்டுக்கு வந்து ஃபிரீசரைத் திறந்தால் அந்தக் கோபத்தை வைக்க இடம் தெரிவதில்லை.

டெசாவோடு பேச்சு வந்துவிட்டது, ஒரு விதமாக. பிப்ரவரியில் அவள் கார் நின்றுபோய்விட்டது, கிளினிக்குக்குப் போக ஆள் இல்லாமல் ரோண்டாவிடம் கேட்டிருக்கிறாள். ரோண்டா வேண்டுமென்றே என்னை அனுப்பினாள். போகும்போது முப்பது மைல், வரும்போது முப்பது மைல், விடாமல் திட்டினாள். இதுவரை நான் கேட்டிராத வார்த்தைகளெல்லாம் அதில் இருந்தன. வெஸ்லிக்கு ஈயம் ஒன்பது. இறங்கும்போது காரை விட்டு வெளியே வராமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "அடுத்தது மே பதினாலு, காலையில ஒம்பது மணி" என்றாள். அவ்வளவுதான்.

முகவரி தர மாட்டேன். நீ போனால் அவள் வாசலில் நின்று அழுவாய். உன்னை எனக்குத் தெரியும். அப்புறம் அந்தப் பெண் தன் வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு, "பரவாயில்லைங்க, அழாதீங்க" என்று உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அவளுக்கு அந்த வேலை வேண்டாம். என்னை அவளுக்கு நன்றாகத் திட்டத் தெரியும். மே பதினாலு நான்தான் போகிறேன்.

லூவான்